கை கழுவலாமா?

கேள்வி: அப்பா தொடங்கிய நகைக்கடை. நானும் தம்பியும் பங்காளிகள். எனக்கு 48 வயது. அவனிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவலாமா?
– பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: 'கை'க்கு அடுத்து இடம் விட்டிருக்கிறீர்கள். சேர்த்தால் விட்டு விலகுவது. பிரித்தால் சவர்க்காரம் போடுவது. 'ஓர் இடைவெளியில் என்ன கெட்டுவிடும்?' என்று விடாமல் கடிதம் போடும் புலவர்கள் கவனிக்க. நீங்கள் கேட்டது சவர்க்காரக் கேள்வி.

தாராளமாகக் கழுவுங்கள், ஆனால் தண்ணீர் வடிகானுக்குள் போகக்கூடாது. அரத்தால் ராவும் பொன் பத்தரின் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும். பரலில் (பீப்பாயில்) தேக்கி, அடியில் மண்டியபின் மேல்தண்ணீரை மெல்ல வடியுங்கள். வண்டலை நன்றாகக் காயவைத்து, எண்ணெயும் நூலும் போக எரித்து, அரத்தின் இரும்பைக் காந்தத்தால் எடுத்து, வெண்காரத்தோடு உருக்கினால் பொன் திரளும். ஈரம் இருந்தால் உருக்கும் கிண்ணமான மூசையிலிருந்து தெறிக்கும். வந்த கட்டியை 22 கரட் என்று எழுதிவிடாதீர்கள். நகையை ஒட்டப் பற்றுவைத்த பொடியின் செம்பும் வெள்ளியும் அதில் கலந்திருக்கும். உரைத்துப் பார்த்தே விலை போடவேண்டும்.

பங்கு பிரிப்பவர்கள் தராசு, பெட்டகம், பெயர்ப்பலகை வரை எழுதுவார்கள். பரலையும் பட்டறைக் குப்பையையும் எழுதமாட்டார்கள். இருப்பையோ செய்கூலி, சேதாரம் சேர்த்த விற்பனை விலையில் போடுவார்கள். கல்லும் நகைக்குள் நிரப்பிய அரக்கும் கழித்து நிறுங்கள். 22 கரட்டில் சுத்தத் தங்கம் 91.6 சதவீதம்தான். அரக்கைத் தங்க விலைக்கு வாங்கிய தம்பி ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

சேர்த்து எழுதும் கைகழுவல் இவ்வளவு லேசில்லை. பங்குடைமைக்கு இங்கே இலங்கையில் 1866 முதல் ஆங்கிலச் சட்டம்தான். நீங்கள் இருந்த காலத்துக் கடன், கொடுத்தவர் சம்மதித்து விடுவிக்கும்வரை, விலகிய பின்னும் உங்கள் கடனே. விலகியதைக் கொடுக்கல் வாங்கல்காரருக்கு எழுத்தில் அறிவிக்காவிட்டால், தம்பி நாளைக்கு வாங்கும் கடனுக்கும் உங்களைத் தேடி வரலாம். வியாபாரப் பெயர்ப் பதிவிலும் மாற்றம் செய்யுங்கள். முற்பணம் வாங்கிய ஓடர்களையும், உருக்கித் தரச்சொல்லிக் கிடக்கும் பழைய நகைகளையும் ஆள்வாரியாக எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

கடைக் காணி பெற்றோர்வழி வந்த முதுசமாகப் பிரிபடாமல் கிடந்தால், உங்கள் பங்கை வெளியாளுக்கு விற்கமுன் தம்பியைக் கேட்கவேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் அந்த முதல் வாங்கும் உரிமைக்கு 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பரல் தண்ணீர் யாருக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை. நொத்தாரிசிடம் போகமுன் வடித்துவிடுங்கள்.

48 வயதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.