விரல் பட்ட வசனம்

கேள்வி: ஓராண்டாகச் சபைக்குப் போவதில்லை. வீட்டில் தனியாக வேதாகமம் வாசிக்கிறேன். ஆதியாகமத்தில் தொடங்கினால் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. அதனால் இப்போது ஜெபித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறக்கிறேன்; விரல் படும் வசனத்தை அன்றைய பதிலாக எடுத்துக்கொள்கிறேன். பார்க்கும் வேலையை விட்டுச் சொந்தமாகக் கடை வைக்கலாமா என்று கேட்டபோது யோபு 8:7 வந்தது. இதை நம்பி இறங்கலாமா? தனியாக வாசித்தால் சத்தியம் விளங்காது என்கிறார்களே, அது சரியா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இறங்க வேண்டாம். அதாவது, அந்த வசனத்தை நம்பி இறங்க வேண்டாம். கடை வைப்பது உங்கள் விருப்பம்.

“துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும்” என்பது புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் கடைத் திறப்பு விழா அழைப்பிதழிலும் நாம் பார்த்துப் பழகிய வரி. அதைச் சொல்வது யார் என்று மேலே தேடிப் பார்த்தீர்களா? எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே இருக்கிறது: சூகியனான பில்தாத், யோபுவைத் தேற்ற வந்த மூன்று நண்பர்களில் ஒருவர். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்தவனிடம் போய், அவர்கள் செய்த பாவத்துக்குக் கிடைத்த கூலி அது என்ற பொருள்பட நாலாம் வசனத்தில் பேசுகிற மனிதர். நீ சுத்தமாயிருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்பது ஆறாம் வசனம். அதன் தொடர்ச்சிதான் உங்கள் விரல் பட்ட ஏழு. இந்த நண்பர்களைப் பற்றிக் கடைசியில் கர்த்தர் சொல்வது 42:7-இல் இருக்கிறது: யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை.

யோபின் முடிவு உண்மையிலேயே ஆசீர்வாதமாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். ஆம், 42:12 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் அல்ல. நண்பர்கள் பேசியதெல்லாம் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. இன்னொரு நண்பர் எலிப்பாஸ் சொன்ன ஒரு வரியை (5:13) பவுலே 1 கொரிந்தியர் 3:19-இல் எடுத்தாள்கிறார். பொதுவில் சரியான ஒன்றைத் தவறான ஆளிடம் தவறான வேளையில் சொல்வதுதான் அந்த நண்பர்களின் கோளாறு. விரல் வைத்து எடுக்கும்போது நீங்கள் உங்களுக்கே செய்துகொள்வதும் அதுவே.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு யோபுவை உட்கார்ந்து வாசியுங்கள். மொத்தம் 42 அதிகாரங்கள்; வாசிக்க இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும், மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு அதிகாரங்கள் கதை. மூன்றில் யோபு வாய்திறக்கிறான். பிறகு எலிப்பாஸ் 4-5, 15, 22. பில்தாத் 8, 18, 25. சோப்பார் 11, 20. இடையிடையே யோபின் மறுமொழி. 32 முதல் 37 வரை, பிறகு பேச வரும் இளைஞன் எலிகூ. 38-இல் கர்த்தர் பேசத் தொடங்குகிறார். ஒவ்வொரு பேச்சின் ஓரத்திலும் பேசுபவரின் முதல் எழுத்தைக் குறியுங்கள். இவ்வளவு செய்தாலே, சுவரில் மாட்டிய பல யோபு வசனங்கள் யாருடைய வாயிலிருந்து வந்தவை என்று தெரிந்துவிடும். 22:21-ஐயும் பாருங்கள், அது எலிப்பாஸ்.

திறந்து பார்க்கும் பழக்கம் உங்களோடு தொடங்கியதல்ல. 506-இல் பிரான்சின் ஆக்டே நகரில் கூடிய ஆயர் மன்றம் வேதத்தை வைத்துக் குறி பார்ப்பதைத் தடை செய்தது. ஆதித் திருச்சபையின் பெரிய போதகர் அகுஸ்தீன் அப்படித் திறந்து ரோமர் 13:13-ஐப் படித்துத்தானே மனம் மாறினார் என்பார்கள். 386-இல் மிலான் தோட்டத்தில் அவர் கையில் இருந்தது பவுலின் நிருபங்கள். அதற்கு முன்பே அவற்றை ஊன்றிப் படித்திருந்தார். ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களையும் தொடர்ந்து கேட்டிருந்தார். அதே அகுஸ்தீன் பின்னாளில் ஒரு கடிதத்தில், உலகக் காரியங்களுக்குச் சுவிசேஷப் புத்தகத்தில் குறி எடுப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினார். இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

எரேமியா 29:11-க்கும் இதே கதிதான். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சட்டம் போட்டு மாட்டுகிறோம். முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருப்பதைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடுகிறோம். கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று அனனியா என்பவன் பொய்த் தீர்க்கதரிசனம் சொன்னதை முந்தின அதிகாரத்தில் காணலாம். எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். கடிதம் போனபோது பெரியவர்களாயிருந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். ஆறுதல் இல்லாத வசனம் என்று சொல்லவில்லை. அந்த ஆறுதலின் அளவு எழுபது வருஷம், அவ்வளவுதான்.

லேவியராகமத்தில் நிற்பது உங்கள் சோம்பலால் அல்ல, கணக்கால். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள்; வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஓராண்டில் முடியும் என்பது பழைய திட்டம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி கடைசியில் பலிமுறைகளுக்குள் போய் நிற்பீர்கள், அது எதற்கு என்று சொல்ல ஆளில்லாமல். முதல் வாசிப்புக்கு அந்த வரிசை வேண்டாம். லூக்காவையும் அப்போஸ்தலரையும் சேர்த்து வாசியுங்கள். ஒரே ஆசிரியர், தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்கு எழுதியவை. மொத்தம் 52 அதிகாரம், நாளுக்கு இரண்டென்றால் 26 நாள். அடுத்து ஆதியாகமம், யாத்திராகமம் இருபது வரை. லேவியராகமத்தில் இப்போதைக்கு 16-ஆம் அதிகாரத்தை மட்டும் எபிரெயர் 9-ஓடு சேர்த்துப் படித்தால் போதும், மீதி பிறகு தானே திறக்கும்.

நிருபங்களை அதிகாரமாகப் பிய்க்காதீர்கள். பிலிப்பியர் நான்கே அதிகாரம், இருபது நிமிடம். முழுக் கடிதத்தையும் படித்தவருக்கு 4:13-இல் வரும் “எல்லாவற்றையுஞ்செய்ய” என்பது போட்டித் தேர்வு பற்றியதல்ல, பசியையும் நிறைவையும் ஒன்றுபோல் தாங்குவது பற்றியது என்று விளங்கும். முந்தின வசனமே அதைச் சொல்கிறது. அதிகார எண்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்கள் 1551-இல் அச்சுக்காரர் எஸ்தியேன் போட்டவை. தேடுவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது.

பதில்தான் தேடுகிறீர்கள் என்றால், சங்கீதங்கள் சிலவற்றில் உங்கள் கேள்வியே முதலில் இருக்கும். துன்மார்க்கன் ஏன் செழிக்கிறான் என்பது 73. பதினேழாம் வசனத்தில் திரும்புகிறது. 88 திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. இரண்டுக்கும் வேதத்தில் இடம் உண்டு. வேலையை விடுவதற்குப் பதில் வேண்டுமென்றால் ஆறு மாத வீட்டுச் செலவு, கடன் தவணை, கடை வாடகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். கோபுரம் கட்டுகிறவன் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28-ஐ இங்கே எடுத்துப் போட எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் அது சீஷனாவதற்குக் கொடுக்கும் விலை பற்றியது.

தனியாக வாசிப்பதில் தப்பில்லை. ஆனால் தனியாக வாசிக்கிறவர் தம் தவறைத் தாமே பிடிப்பது கடினம். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரியும் இரதத்தில் தனியாகத்தான் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். பிலிப்பு ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்டது, இதைத் தீர்க்கதரிசி யாரைக் குறித்துச் சொல்கிறார், தம்மையா வேறொருவரையா என்பதே. கேட்கத் தெரிந்த வாசகர். நிருபங்களும் சபை கூடிய இடத்தில் உரக்க வாசிக்கப்பட்டவை. கொலோசெயர் 4:16 பாருங்கள்.

சபையை ஏன் விட்டீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொறுமையாகப் பேசக்கூடிய ஒருவரை, ஆயரோ ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியரோ, கண்டுபிடியுங்கள். வாரம் முழுக்க ஓரத்தில் கேள்விக்குறி போட்ட இடங்களில் இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். பத்து கொண்டுபோனால் பிரசங்கம்தான் கிடைக்கும். அவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் தினமும் வேதத்தைத் திறந்து சரிபார்த்தார்கள் (அப். 17:11). நீங்களும் வீட்டுக்கு வந்து, அவர் காட்டிய வசனத்துக்கு முன்னும் பின்னும் ஓர் அதிகாரம் வாசித்துப் பாருங்கள்.