கோடைக்கால வீட்டுச் செலவு: கேள்வி-பதில்

கேள்வி: மே இறுதியில் ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டை ஜனவரியிலேயே எடுத்துவிடலாமா? (மதுரை வாசகர்)

முடியாது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவுக்காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பயணத் தொகையை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மார்ச் கடைசியில் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுங்கள். தவறவிட்டால் ஆம்னி பேருந்துக் கட்டணம் உங்கள் கணக்கைக் குலைத்துவிடும்.

கேள்வி: வழக்கமாக 700 ரூபாய் வரும் மின் கட்டணம், சென்ற கோடையில் இரவு மட்டும் ஏ.சி. போட்டதற்கு 4,500 ரூபாய் வந்தது. மீட்டர் பழுதா? (திருச்சி வாசகி)

எத்தனை யூனிட் என்று நீங்கள் எழுதவில்லை. மின் கட்டணம் பற்றி வரும் கடிதங்கள் அனைத்திலும் ரூபாய் மட்டுமே இருக்கிறது, யூனிட் இருப்பதில்லை. யூனிட் தெரியாமல் கோடைக்குத் திட்டமிடவே முடியாது என்று பல முறை எழுதிவிட்டேன். 2024 ஜூலைக் கட்டணப்படி நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 700 ரூபாய் என்பது இரண்டு மாதங்களுக்கு ஏறக்குறைய 300 யூனிட். 4,500 என்பது ஏறக்குறைய 760 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட் அளவுக்கு இழுக்கும், அறுபது இரவுகளுக்கு 480. ஆகவே மீட்டரில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை.

பயன்பாடு இரண்டரை மடங்காகும்போது கட்டணம் ஆறு மடங்காவதற்குக் காரணம், 500 யூனிட் என்ற எல்லை. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் ஆவதோடு, 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். முதல் 100 யூனிட் மட்டும் இலவசமாகவே தொடரும். 500 யூனிட்டுக்கு 1,800 ரூபாய் என்றால், 600 யூனிட்டுக்கு 2,900 ரூபாயைத் தாண்டுகிறது. ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல், மின்விசிறியையும் சேர்த்து ஓடவிட்டு, ஐந்து மணி நேரத்தில் தானாக அணையும்படி டைமர் வைத்தால் 600 யூனிட்டுக்குள் நிற்கலாம். ஞாயிறுதோறும் மீட்டர் அளவைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், பாதித் தொகையை முதல் மாதச் சம்பளத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

கேள்வி: வட்டியில்லாத் தவணையில் ஏ.சி. வாங்கலாமா? (சேலம் வாசகர்)

ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை இழந்து, செயலாக்கக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டுவது வட்டி கட்டுவதற்குச் சமம். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள். முந்தைய பதிலில் உள்ள மின் கணக்கையும் தவணையோடு கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: என் சம்பளம் கோடையில் போதவில்லை. வழி சொல்லுங்கள். (ஊர் குறிப்பிடவில்லை)

சம்பளம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், வாடகை உண்டா என்று எதையும் எழுதாமல் வழி கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. விவரங்களோடு மறுபடி எழுதுங்கள், மீட்டர் அளவு உட்பட.

கேள்வி: புளி, மிளகாயை ஆண்டு முழுவதற்கும் இப்போதே வாங்கலாமா? (தருமபுரி வாசகி)

மாசி, பங்குனியில் புதுப்புளி சந்தைக்கு வருவதாலும், சித்திரை வெயிலில் நன்றாகக் காயவைக்க முடிவதாலும் இதுவே சரியான நேரம். கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து ஜாடியில் அடைத்து வையுங்கள். ஆனால் கையிருப்புப் பணத்தில் மட்டுமே வாங்குங்கள். ஜூனில் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணத்தை எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதே கையிருப்பு. அது போதாவிட்டால் புளியை மட்டும் ஆண்டுக்கும், மிளகாயை மூன்று மாதங்களுக்கும் வாங்கிக்கொள்ளலாம்.