ஓய்வுநாளில் கழற்றி வைக்கும் தாயத்து

கேள்வி: கொச்சி மட்டாஞ்சேரி யூத ஜெப ஆலயத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். உள்ளே சிலை எதுவும் கிடையாது என்றார்கள். ஆனால் திரை போட்ட பெட்டி, அதற்குள் கிரீடம் வைத்த தோரா என்ற வேதச் சுருள். அதற்கு முத்தம் வேறு. நெற்றியிலும் கையிலும் தாயத்து கட்டுகிறார்கள். ஜெருசலேமில் ஒரு சுவரைக் கும்பிடுகிறார்கள். சிலை கூடாது என்று சொல்லிவிட்டு வேறு உருவத்தில் அதையேதான் செய்கிறார்கள் என்கிறேன். சரிதானே? யூதரல்லாத நாம் அங்கே வேண்டிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: சரியில்லை. அவர்கள் கட்டிக்கொள்வதையும் முத்தமிடுவதையும் கவனித்திருக்கிறீர்கள். எப்போது கழற்றுகிறார்கள், எப்போது ஒதுக்குகிறார்கள் என்பதைக் கவனிக்கவில்லை. உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

தாயத்து என்கிறீர்களே, அதன் பெயர் தெஃபில்லின். வார் கோத்த இரண்டு கறுப்புத் தோல் பெட்டிகள். முதலில் கைப்பெட்டி: வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது மேற்கையின் தசைமேல், நெஞ்சை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி கட்டி, வாரை முன்கையில் ஏழு சுற்றுச் சுற்றுவார். பிறகுதான் தலைப்பெட்டி. கழற்றும்போது தலை முதலில், கை பின்னால். நெற்றியில் என்று எழுதியிருக்கிறீர்கள். நெற்றிக்கு இறங்கிவிட்டால் கட்டளை நிறைவேறியதாகவே ஆகாது. முடி முளைக்கும் கோட்டுக்கு மேலே, இரு கண்களுக்கும் நடுவான நேரில் உட்கார வேண்டும். வார் தளர்ந்து பெட்டி கீழே சரிவது அடிக்கடி நடக்கிற பிழை. தோலுக்கும் பெட்டிக்கும் இடையே சட்டைத் துணி வந்தாலும் தவறு.

பெட்டிக்குள் தோராவின் நான்கு பகுதிகள்: யாத்திராகமம் 13ஆம் அதிகாரத்தில் இரண்டு, உபாகமம் 6இலும் 11இலும் ஒவ்வொன்று. கைப்பெட்டியில் நான்கும் ஒரே தோல்தாளில் இருக்கும். தலைப்பெட்டியில் நான்கு அறைகள், நான்கு தனித்தாள்கள். எல்லாம் கையெழுத்து. ஓர் எழுத்து விடுபட்டாலும், பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலும் அந்தத் தாள் செல்லாது. எழுத்துகளை வரிசை மாறாமல் எழுத வேண்டும் என்பது விதி என்பதால், கடைசி வரிக்கு வந்தபின் மூன்றாம் வரியில் விடுபட்டது கண்ணில் பட்டால் திரும்பிப் போய்ச் செருக முடியாது. அதுவரை எழுதியது வீண்.

இதையெல்லாம் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் வாரநாட்களில் மட்டுமே அணிகிறார்கள், வழக்கமாகக் காலை ஜெபத்தில். ஓய்வுநாளான ஷப்பாத்திலும் தோரா விதித்த பெருவிழாக்களிலும் அணிவதில்லை. தெஃபில்லின் இறைவனோடு செய்த உடன்படிக்கைக்கு அடையாளம். ஓய்வுநாளும் அதற்கே அடையாளம். ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது யூத மதகுருமார்களான ரபிகளின் வாதம். காப்பதற்காகக் கட்டிய தாயத்தை, இருப்பதிலேயே புனிதமான நாளில் யாராவது கழற்றி வைப்பார்களா?

கதவு நிலையில் பதிக்கும் மெசுசாவும் இதே வகைதான். உள்ளே நுழையும்போது வலப்பக்க நிலைக்காலில், மேல் மூன்றிலொரு பங்கு தொடங்கும் உயரத்தில் வைப்பார்கள். உள்ளே உபாகமத்தின் இரண்டு பகுதிகள். வீட்டைப் பேய்பிசாசு அண்டாதிருக்க அதற்குள் தேவதூதர் பெயர்களைச் சேர்த்து எழுதும் வழக்கம் இடைக்காலத்தில் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் அப்படிச் செய்தவர்களைச் சும்மா விடவில்லை. கட்டளையைத் தாயத்தாக்கியவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்றே எழுதிவிட்டார். ஆக, உங்கள் சந்தேகம் அவர்களுக்கும் வந்ததுதான். இன்றும் மெசுசாவைக் காவலாக நினைக்கிற யூதர்கள் உண்டு. பாமர நம்பிக்கை எந்த மதத்தை விட்டது?

அதே மைமோனிடிஸ்தான் யூத நம்பிக்கையைப் பதின்மூன்று கோட்பாடுகளாக வகுத்தவர். மூன்றாவது, இறைவனுக்கு உடல் இல்லை. ஐந்தாவது, வழிபாடு அவன் ஒருவனுக்கே. நடுவில் எதுவும், யாரும் கிடையாது. யூதர்களில் எல்லாரும் அந்தப் பட்டியலை அப்படியே ஏற்றதில்லை. ஆனால் காலையும் இரவும் சொல்லும் ஷெமா என்ற அறிக்கையில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ‘இஸ்ரவேலே கேள், நம் இறைவன் ஒருவனே’ என்பது அதன் முதல் வரி. அதைச் சொல்லும்போது வலக்கையால் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். பார்க்க ஒன்றும் இல்லை என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது.

சுருளுக்கு வருவோம். கொச்சியில் இருக்கும் பொற்கிரீடம் திருவிதாங்கூர் மன்னர் கொடுத்தது. கிரீடம் மரியாதைக்கு, சுருளிடம் யாரும் வரம் கேட்பதில்லை. அது வாசிப்பதற்கு உரியது. 3,04,805 எழுத்துகள், உயிர்க்குறிகள் இல்லாமல், தோல்தாளில் எழுதியவை. திங்கள், வியாழன், சனி காலைகளில் வாசிப்பார்கள். 54 பகுதிகளாகப் பிரித்து ஓராண்டில் முடித்து, முடித்த நாளிலேயே மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். எழுத்தின்மேல் விரல் படக்கூடாது என்பதால் சுட்டுகோல் வைத்துப் படிப்பார்கள். நடுவில் ஓர் எழுத்து அழிந்திருப்பது தெரிந்தால் அந்தச் சுருளைச் சுற்றி உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார்கள். திருத்த முடியாத சுருளை மண்கலத்தில் இட்டு இடுகாட்டில் புதைப்பார்கள். கிரீடமெல்லாம் அப்போது எந்தச் சிபாரிசும் செய்யாது.

மக்கள் எல்லை மீறியபோது என்ன நடந்தது என்பதும் அவர்கள் வேதத்திலேயே இருக்கிறது. வனாந்தரத்தில் மோசே, கடவுள் சொல்லித்தான் வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்தார். பின்னாளில் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா மன்னன் அதை உடைத்துப் போட்டான். இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரம், 4ஆம் வசனம், எடுத்துப் பாருங்கள்.

இனி சுவர். அது ஜெருசலேமில் இருந்த பழைய ஆலயத்தின் சுவர்கூட அல்ல. ஏரோது மன்னன் ஆலய மேட்டை விரிவாக்கியபோது எழுப்பிய தாங்குசுவர். ஆலயத்தை கி.பி. 70இல் ரோமப் படை அழித்தது. பலி அன்றோடு நின்றது. தினப்பலி நடந்த காலையும் பிற்பகலும் இப்போது ஜெப வேளைகள், இரவில் மூன்றாவது. மூன்றுக்கும் நடுநாயகம் அமிதா என்ற ஜெபம். மூன்றடி பின்வாங்கி, மூன்றடி முன்வந்து, பாதங்களை ஒட்டிவைத்து நின்று, தன் காதுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லும் 19 ஆசிகள். ஓய்வுநாளில் நடுவிலுள்ள 13 வேண்டுதல்களையும் நீக்கிவிட்டு ஒன்றைச் சேர்த்து ஏழாகச் சொல்வார்கள். அன்று கடவுளிடம்கூடத் தேவைகளை அடுக்கக் கூடாதாம்! கொச்சியில் மேற்கு நோக்கி நிற்பார்கள், லண்டனில் கிழக்கு நோக்கி. எல்லாம் ஜெருசலேம் திசைதான். திசை தெரியாத இடத்தில் மனத்தை மேலே திருப்பினால் போதும் என்பது ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் தரும் சலுகை. சுவருக்கென்று தனி ஜெபம் விதிக்கப்படவில்லை. அங்கேயும் இதே அமிதாதான். இடுக்குகளில் செருகும் வேண்டுதல் சீட்டுகளை ஆண்டுக்கு இருமுறை எடுத்து ஒலிவமலையில் புதைத்துவிடுகிறார்கள்.

நீங்கள் வேண்டிக்கொள்ளலாமா? தாராளமாக. ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தபோதே சாலொமோன், தூரதேசத்து அந்நியன் வந்து ஜெபித்தால் அதையும் கேட்டருள வேண்டும் என்று விண்ணப்பித்திருக்கிறார். மதம் மாறச் சொல்லி உங்களை யாரும் வற்புறுத்தப் போவதில்லை. மாற நீங்களே முன்வந்தாலும் ரபி முதலில் தயங்குவதே மரபு. ஆண்கள் தலையை மூடிக்கொள்ளுங்கள். மட்டாஞ்சேரியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சனிக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

ஒன்று மட்டும் முடியாது. சுருளைத் திறந்து முறைப்படி சபையில் வாசிக்க, பதின்மூன்று வயது நிரம்பிய யூதர் பத்துப் பேர் வேண்டும். பழைமை வழுவாதவர்கள் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் சேர்த்துக்கொள்வார்கள். 1948க்குப் பிறகு கேரள யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால், 1568இல் கட்டிய அந்த ஜெப ஆலயத்துக்கு உள்ளூரில் பத்துப் பேர் தேறுவதில்லை. வெளியூர் யூதர்கள் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும். உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் போய் நின்றாலும் அந்தக் கணக்கில் சேராது.