நடுக்கடலில் யார் விழித்திருப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடற்படை அதிகாரிகள் ரூபாவும் தில்னாவும் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றிவிட்டுக் கோவா திரும்பிய செய்தியை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். ரூபா எங்கள் புதுச்சேரிப் பெண் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் கூடுதல் சந்தோஷம். மகன் ஏழாவது படிக்கிறான். அன்றிலிருந்து கேள்வி மேல் கேள்வி. ராத்திரி ஆனால் நங்கூரம் போட்டுவிட்டுத் தூங்குவார்களா? சோறு எப்படிப் பொங்குவார்கள்? குளிப்பார்களா? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. நீங்கள் ஒரு சின்னப் பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் போய்ச் சேர்ந்த தீவைப் பற்றித்தான் நிறைய இருந்தது. படகுக்குள் பொழுது எப்படிப் போனது என்று எழுதவில்லை.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. இரண்டே பேர், எட்டு மாதம், சுற்றிலும் தண்ணீர். சலிப்பு வராதா? சண்டை வராதா?

அன்புடன்,
ச., புதுச்சேரி

அன்புள்ள ச.,

உங்கள் மகன் முதலில் கேட்டதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நங்கூரம் போட முடியாது. நடுக்கடலில் ஆழம் நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர் இருக்கும். ஒரு சின்னப் படகில் இருக்கும் நங்கூரச் சங்கிலி நூறு மீட்டர் இருந்தாலே அதிகம். அதனால் படகு இரவும் பகலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், யாராவது ஒருவர் விழித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். கடலில் கலங்கள் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கான சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி இது. பெரிய கப்பலோ சின்னப் படகோ, எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிப்பு இருக்க வேண்டும். இப்போது யார் விழித்திருப்பது, யார் தூங்குவது என்ற ஒன்றைச் சுற்றித்தான் படகின் மொத்த நாளும் அமைகிறது. சாப்பாடு, குளியல், பேச்சு, சண்டை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் போனது 38 அடிப் படகு. அறுபது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் அதன் சொந்தக்காரர்கள், மூன்றாவது ஆள் நான். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளின் மிண்டெலோ துறைமுகத்திலிருந்து கரீபியத் தீவான பார்படாஸ் வரைக்கும் ஏறக்குறைய 2,000 கடல் மைல், அதாவது 3,700 கிலோமீட்டர். குளிர்கால மாதங்களில் அங்கே வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று விடாமல் வீசும். காற்று முதுகுப் பக்கம் இருந்தால் படகு மணிக்கு ஐந்தரை கடல் மைல் போகும். ஒரு நாளைக்கு 130 கடல் மைல் என்றால் நல்ல நாள். சென்னையில் புறப்பட்டு இருபத்துநாலு மணி நேரம் நிற்காமல் அந்த வேகத்தில் போனால் திருச்சி கூட வராது.

சுக்கானை யாரும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பின்பக்கம் பொருத்தியிருக்கும் ஒரு காற்றுத் தகடு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கேற்பத் தானே திரும்பி, படகை வழியில் வைத்துக்கொள்ளும். அதற்கு மின்சாரமே வேண்டாம். வாட்சில், அதாவது விழித்திருந்து கண்காணிக்கும் முறையில், இருப்பவரின் வேலை பார்ப்பதும் கேட்பதும்தான். மூன்று பேர் இருந்ததால் மூன்று மணி நேரம் வாட்ச், ஆறு மணி நேரம் ஓய்வு. இரண்டு பேர் என்றால் மூன்று மணி நேரம் இவர், மூன்று மணி நேரம் அவர். நாள் கணக்கில் அப்படியே.

சமையலறையில் வைக்கும் சின்ன மணிக்கடிகாரம் ஒன்று வாட்சில் இருப்பவரின் சட்டைப்பையில் இருக்கும். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அடிக்கும். எழுந்து சுற்றிலும் ஒரு முழு வட்டம் பார்க்க வேண்டும். ஏன் பன்னிரண்டு? பெரிய கப்பலின் விளக்கு சுமார் ஆறு கடல் மைலில் கண்ணுக்குத் தெரியும். அது மணிக்கு இருபது கடல் மைல் வேகத்தில் எதிரே வருகிறது, நாம் ஐந்தரையில் போகிறோம் என்றால் அந்த ஆறு மைல் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். இப்போது கப்பல்கள் தங்கள் பெயரையும் திசையையும் ரேடியோவில் அனுப்புகின்றன, திரையில் தெரியும். ஆனாலும் விளக்கில்லாமல் மிதக்கும் மரக்கட்டை எந்தத் திரையிலும் தெரியாது. கண்தான் பார்க்க வேண்டும்.

இனி, வாட்ச் மாறும் நேரம். சின்னப் படகு வாழ்க்கையில் மிகவும் முக்கியமானது அந்தப் பத்து நிமிடம்தான் என்று நான் நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணி. படுக்கை ஓரத்தில், நாம் உருண்டு விழாமல் இருக்கத் தொட்டில் பக்கம்போல ஒரு துணித் தடுப்பு கட்டியிருக்கும். காதுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். அந்தம்மாள் வந்து காலைத் தொடுவார். தோளைத் தொட மாட்டார், ஆள் திடுக்கிட்டு எழுந்து தலையை இடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அவர் நெற்றியில் சிவப்பு விளக்கு. வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், மறுபடி பழக அரை மணி ஆகும். நான் பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, படி ஏறும் முன்பே அதன் கொக்கியை வெளியே உள்ள வளையத்தில் போடுவேன். ‘க்ளிக்’ என்ற அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் பேசவே தொடங்குவார். காற்று பதினெட்டு கடல் மைல் வேகம். வலது பக்கம் ஒரு கப்பல் தாண்டிப் போய்விட்டது. பின்னால் ஒரு கறுப்பு மேகம், அந்த இடத்தில் மட்டும் நட்சத்திரம் இல்லை, கவனி. பிளாஸ்கில் டீ இருக்கிறது. இவ்வளவுதான். நான் சுற்றிலும் ஒரு வட்டம் பார்த்து, திருப்பிச் சொன்ன பிறகு கீழே இறங்கிப் படுப்பார். இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுவார்.

அந்தத் தூக்கத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தன் உயிரையும், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய படகையும் சில வாரம் முன்பு வரை முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் விட்டுவிட்டு ஒருவர் தூங்குகிறார். புறப்பட்ட அன்றே அவர் எனக்கு இரண்டு விதிகள் சொல்லியிருந்தார். ராத்திரியில் யாரும் மற்றவரை எழுப்பாமல் வாட்சில் இருப்பவர் உட்காரும் பள்ளத்தை விட்டு மேல்தளத்தில் கால் வைக்கக் கூடாது, எவ்வளவு சின்ன வேலையானாலும். இரண்டாவது, சந்தேகம் வந்தால் எழுப்பு. எழுப்பலாமா என்று யோசிக்கிறாய் என்றாலே எழுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நம் ஆட்களுக்கு இந்த இரண்டாவது விதி லேசில் வராது. தூங்குகிறவரை எழுப்பாதே என்று சொல்லித்தானே வளர்க்கிறார்கள். பாவம், இப்போதுதான் படுத்தார், இன்னும் ஒரு பத்து நிமிடம் பார்ப்போம் என்று மனசு சொல்லும். வெப்பமண்டலக் கடலில் அந்தக் கறுப்பு மேகம் தலைக்கு மேல் வந்தால், பதினைந்தில் வீசும் காற்று ஒரு நிமிடத்தில் முப்பத்தைந்து ஆகும். முழுப் பாயும் விரித்திருந்தால் ஏதாவது கிழியும், அல்லது முறியும். அதனால் பொழுது சாயும்போதே பாயை ஒரு மடிப்புச் சுருக்கிவிடுவது நல்ல மாலுமிகளின் வழக்கம். வேகம் கொஞ்சம் குறையும், தூக்கம் கூடும். அது நல்ல பண்டமாற்று.

தனியாகப் போகிறவர்களுக்கு எழுப்பவும் ஆள் இல்லை, எழுப்பப்படவும் ஆள் இல்லை. துண்டு துண்டாக, இருபது நிமிடம், அரை மணி என்று தூங்குகிறார்கள். அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் மும்பையில் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி 2013 மார்ச் 31 அன்று திரும்பினார். இந்தியர்களில் அப்படிச் செய்த முதல் ஆள். 2018இல், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் போட்டியில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த காயத்தோடு படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தார். ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் வந்துதான் மீட்டது. 2022இல் அதே போட்டிக்கு மறுபடி போய், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அவர்தான் ரூபாவுக்கும் தில்னாவுக்கும் வழிகாட்டி. துணைக்கு ஆளில்லாத படகு எப்படி இருக்கும் என்று உடம்பால் தெரிந்த ஒருவரிடம் இரண்டு பேர் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அடுப்பு இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும். படகு சாய்ந்தாலும் அடுப்பின் மேல்பக்கம் மட்டமாகவே நிற்கும். பாத்திரம் நகராமல் இருக்கச் சுற்றிலும் கம்பி. சோறு குக்கரில்தான். மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் கொட்டாது. கடலில் சமைப்பவருக்குப் பெரிய ஆபத்து வெந்நீர்தான், அதனால் வெயில் காலத்திலும் மழைக்கால ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு சமைப்பார்கள். இதை உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும். சோற்றுக்கு உப்பு போட வேண்டியதில்லை, நல்ல தண்ணீரோடு ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் போதும். முட்டைக்கோஸ் வாரக்கணக்கில் நிற்கும், அதை வெட்டாமல் இலை இலையாக உரித்து எடுக்க வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து வைக்கக் கூடாது. வாழைத்தார் முழுக்க ஒரே நாளில் பழுக்கும், பிறகு மூன்று வேளையும் வாழைப்பழம்தான். விடிந்ததும் மேல்தளத்தில் பறவைக் கோலா மீன்கள் விழுந்து கிடக்கும். நாகப்பட்டினக் கடலில் பிடிக்கிற அதே வகைதான். புதுசாக இருந்தால் வறுத்துவிடலாம்.

குளியல் ஒரு வாளி கடல்நீரில், கடைசியில் உப்பு போக அரை லிட்டர் நல்ல தண்ணீர். பாத்திரமும் கடல்நீரில்தான். துணியில் உப்பு ஏறிவிட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வெயிலில் எத்தனை மணி நேரம் போட்டாலும் முழுசாகக் காயாது.

காலை வேலை ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொக்கியை மாட்டிக்கொண்டு படகின் முன்முனையான அணியம் வரைக்கும் மெதுவாக ஒரு நடை, ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தடவியபடி. ஒரே இடத்தில் பகலும் இரவும் உரசும் கயிறு, பார்வைக்குப் புதுசாக இருக்கும்போதே விரலுக்குப் பஞ்சாகத் தட்டுப்படும். கயிற்றின் நுனியில் ஒரு சாண் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டினால் உரசும் இடம் மாறிவிடும். தளத்தில் ஒரு சின்ன ஆணி, ஆணி கழன்றுவிடாமல் மாட்டும் ஒரு பிளவு ஊசி கிடந்தால் அது எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்கும் வரை வேறு எந்த வேலையும் கிடையாது. கடலைக் கடப்பது என்றால் புயலோடு போராடுவது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரை பெரும்பாலும் இதுதான்: கெட்டுப்போவதற்கு முன்பே கவனிப்பது. அலுப்பில்லாமல், தினமும்.

இப்போது உங்கள் கேள்வி. சலிப்பு வருவதற்கு முதலில் தூக்கம் நிறைந்திருக்க வேண்டும். முதல் மூன்று நாள் வாந்தியும் மயக்கமும். நாலாவது, ஐந்தாவது நாளில் உடம்பு படகின் ஆட்டத்துக்குப் பழகும். அதற்குப் பிறகு புத்தகம் படிக்கலாம் என்று கொண்டுபோன பெரிய புத்தகங்கள் பாதிகூட முடியாது. மேற்கே போகப் போகச் சூரியன் தினமும் எட்டு, ஒன்பது நிமிடம் பிந்தி உதிக்கும். படகு கொஞ்சம் தெற்கேயும் இறங்குவதால் துருவ நட்சத்திரம் ராத்திரிக்கு ராத்திரி கொஞ்சம் இறங்கும். பார்படாஸும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, பதின்மூன்று டிகிரி. மெரினாவில் எந்த உயரத்தில் அதைப் பார்க்கிறோமோ அந்த உயரத்துக்கு அது வரும்போது கரை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அந்த வாட்சுகளில் சலித்ததே இல்லை.

சண்டை வரும். பெரிய விஷயத்துக்கு வராது. ஈரத் துண்டை அடுத்தவர் படுக்கையில் போட்டதற்கு, வாட்ச் மாற ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு. அந்த ஐந்து நிமிடம் இன்னொருவரின் தூக்கத்திலிருந்து எடுத்தது, அதனால் கோபம் நியாயமானதுதான். அன்றைக்கே சொல்லிவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும். அப்புறம், நீங்கள் நினைப்பதுபோல இரண்டு பேரும் எட்டு மாதமும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குவார். சேர்ந்து இருப்பது ஒரு வேளைச் சாப்பாடு, பாய் மாற்றும் வேலை, அந்தப் பத்து நிமிட மாற்றங்கள். எங்கள் படகில் பொழுது சாயும் முன் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது என்று வைத்திருந்தோம். அதற்கு யாரும் வராமல் இருந்ததில்லை.

என் பயணத்தை வைத்துத் தாரிணியின் பயணத்தை அளக்க வேண்டாம். நான் போனது வெதுவெதுப்பான கடல், பின்காற்று. அவர்கள் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டு, ஃப்ரீமாண்டில் (ஆஸ்திரேலியா), லிட்டெல்டன் (நியூசிலாந்து), போர்ட் ஸ்டான்லி (ஃபாக்லாந்து தீவுகள்), கேப் டவுன் (தென்னாப்பிரிக்கா) என்று நாலே இடங்களில் நின்று, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். 17 மீட்டர் படகு, பாயின் பலத்தில் மட்டும். லிட்டெல்டனிலிருந்து போர்ட் ஸ்டான்லி வரை குளிர்ந்த தென்கடல், துருவ நட்சத்திரமே தெரியாத வானம். வழியில் பாயிண்ட் நீமோ, எந்தக் கரைக்கும் 2,600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இடம். அங்கேயும் ஆராய்ச்சிக்காகக் கடல்நீர் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரிலும் ஒருவர் மேலே விழித்திருக்க, ஒருவர் கீழே தூங்கியிருக்கிறார். புறப்படுவதற்கு முன் மூன்று வருடம் பயிற்சி எடுத்தார்கள், கோவாவிலிருந்து போர்ட் பிளேர் வரை இரண்டு பேராகவே ஓட்டிப் பார்த்தார்கள். அந்தத் தூக்கம் அங்கே சம்பாதித்தது என்று நினைக்கிறேன்.

மகனுக்கு ஆசை இருந்தால் முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். பிறகு ஆப்டிமிஸ்ட் என்று எட்டடிக்கும் குறைவான ஒரு படகு இருக்கிறது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதில்தான் பாய் ஓட்டப் பழகுகிறார்கள், பதினைந்து வயது வரை ஓட்டலாம். சென்னைத் துறைமுகத்தில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, விடுமுறை நாட்களில் போய் விசாரித்துப் பாருங்கள். அவன் வேறு என்ன கேட்டாலும் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்