பல் வைத்த மட்டையும் திருகு வைத்த மட்டையும்

வணக்கம்.

பழைய கோல்ஃப் மட்டைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குச் சீப்பு மாதிரி பற்கள், இன்னொன்றுக்குப் பந்தில் படும் முகத்தின் நடுவே ஓட்டை. மணலிலும் தண்ணீரிலும் கிடக்கும் பந்தை எடுக்கவாம். யோசனை சரியாகத்தானே இருக்கிறது, ஏன் நிலைக்கவில்லை? இன்னொரு கேள்வி. பை நிறைய மட்டை சுமப்பதற்குப் பதில் ஒரே ஒரு அயர்ன், அதாவது உலோகத் தலை மட்டை. கழுத்தில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் முகம் 25 டிகிரியிலிருந்து 55 டிகிரி வரை சாயும். வரைபடம் தயார். செய்து பார்க்கலாமா?

முரளி

அன்புள்ள முரளி,

தாராளமாகச் செய்து பாருங்கள். போட்டிக்கு மட்டும் கொண்டுபோக முடியாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சீப்பு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் பிரௌன் என்பவர் செய்த ரேக் அயர்ன்தான் நீங்கள் பார்த்திருப்பது. மணல் பற்களுக்கிடையே நழுவிப் போய்விட்டால் மட்டை வேகம் குறையாது என்பது அவர் கணக்கு. கோளாறு அங்கேயேதான். பங்கரில், அதாவது மணல் குழியில், வழக்கமான நல்ல அடி என்பது பந்தில் படுவதே இல்லை. பந்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் பின்னால் மணலில் இறங்கி, அந்த மணலால் பந்தைத் தள்ளுவதுதான் அடி. தள்ள வேண்டிய மணலைச் சீப்பு வடிகட்டி விட்டுவிடுகிறது. பற்கள் நேராகப் பந்தில் பட்டாலும் ஆபத்து: ஒரு பல்லின் விளிம்பில் பட்டால் பந்து பக்கவாட்டில் ஓடும், அன்றைய கட்டாபெர்ச்சா (மரப்பால்) பந்தாக இருந்தால் வெட்டே விழும். இடையில் ஒரு கூழாங்கல் சிக்கினால் கேட்கவே வேண்டாம்.

ஓட்டை போட்டதற்கும் இதே கதிதான். தண்ணீர் ஓட்டை வழியே போகும், சரி. ஆனால் இன்றைய பந்து 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அந்த எல்லையில் செய்த பந்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.13 மடங்கு. கடல் தண்ணீரிலும் அடிக்குப் போய்விடும். பாதி மூழ்கிய பந்துக்குத்தான் அந்த மட்டை, அதற்கு முகம் அதிகம் சாய்ந்த ஒரு சாதாரண வெட்ஜே போதும்.

பங்கர் சிக்கலுக்குச் சரியான விடை எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஜீன் சாரஸன் என்ற வீரர் 1930-களின் தொடக்கத்தில் மட்டையின் அடிப்பாகத்தில் ஈயம் சேர்த்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி செய்தார். மட்டை மணலுக்குள் புதையாமல் சறுக்கி எழும்பியது. இதற்குச் சற்று முன்னால் கிண்ணம்போல் உட்குழிந்த முகமுள்ள சாண்ட் வெட்ஜ் ஒன்று இருந்தது. 1930 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற பெரிய வீரர்கூட அதை எடுத்தார். பிரச்சினை, குழிந்த முகம் ஒரே அடியில் பந்தை இரண்டு முறை தொட்டுவிடும். 1931-இல் தடை வந்தது. வேலைக்கு ஆகாததால் ஒழிந்தது ரேக், வேறு மாதிரி வேலை செய்ததால் ஒழிந்தது இது. இரண்டையும் ஒரே 'வேடிக்கை மட்டைகள்' பட்டியலில் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

இப்போது உங்கள் திருகு. இது புதிதல்ல, 1890-களிலேயே உர்குஹார்ட் என்ற பெயரில் சாய்வு மாற்றும் அயர்ன் விற்பனைக்கு வந்திருக்கிறது. அன்றும் இன்றும் இடிக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது மூட்டு. பந்தும் முகமும் தொட்டிருப்பது ஏறக்குறைய அரை மில்லிசெகண்ட். பந்து நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டுமானால் அந்த நேரத்தில் சராசரி விசை சுமார் 4,100 நியூட்டன், அதாவது 400 கிலோவுக்கு மேல் ஏற்றியது போல. உச்சம் இதைவிடக் கணிசமாக அதிகம். மூட்டின் அச்சிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி, கோணத்தைப் பூட்டும் பல்லில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே முகம் அரை டிகிரிக்கு மேல் ஆடும். முதல் நாள் 0.1. நூறு அடிக்குப் பிறகு?

இரண்டாவதுதான் வரைபடத்தில் கண்ணில் படாதது. முகத்தைச் சாய்க்கும்போது தலை முழுவதும் சாய்கிறது, அடிப்பாகமும் கூடவே சாய்கிறது. 25 டிகிரியில் தரையில் சமமாக அமர்ந்த, 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அடிப்பாகம், 55 டிகிரிக்குத் திருப்பினால் பின்விளிம்பில் நின்றுகொண்டு முன்விளிம்பை 10 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருக்கும். பந்தின் மையமே 21 மில்லிமீட்டர் உயரத்தில்தான். கெட்டியான தரையில் பந்தின் வயிற்றில் விளிம்பு பட்டு அது தரையோடு தரையாகப் பறக்கும். தப்பிக்க வேண்டுமானால் அடிப்பாகத்தைத் தட்டையாக அல்லாமல், உருளை மாதிரி, எந்தக் கோணத்திலும் ஒரேபோல் அமரும் வளைவாகச் செய்யுங்கள்.

மூன்றாவது எடையும் நீளமும். வழக்கமான செட்டில் நீண்ட அயர்னுக்கு இலேசான தலை, குட்டைக்குக் கனமான தலை. ஒரே நீளம் என்பதே முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். ஒரே நீளமுள்ள அயர்ன்களோடு பிரைசன் டிஷாம்போ 2020 யு.எஸ். ஓப்பனை வென்றார். ஆனால் அங்கே ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனித் தலை.

விதி இதுதான்: சாய்வு மாற்றும் அமைப்பு இருக்கலாம், ஆனால் எளிதில் மாற்றக்கூடியதாக இருக்கக்கூடாது. ஆட்டத்தின் நடுவே மாற்றிவிட்டு அந்த மட்டையால் அடித்தால் தகுதி நீக்கம். டிரைவர் எனும் தூர அடி மட்டைகளில் சாவி போட்டுத் திருகும் கழுத்து அனுமதிக்கப்படுவதும் இப்படித்தான். விரலால் திருகும் உங்கள் மட்டைக்கு இடமில்லை.

பயிற்சிக்காகச் செய்கிறீர்கள் என்றால், மூட்டின் இரு பக்கமும் சேர்ந்து வரும்படி மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று இழுங்கள். 35 டிகிரியில் பூட்டி ஐம்பது பந்து அடியுங்கள், எல்லாமே முழு வீச்சில், சில வேண்டுமென்றே முனையில் படும்படி. முன்பக்கம் பாதுகாப்பு வலை கட்டிய கூண்டுக்குள் அடிப்பது நல்லது, திருகு அறுந்தால் தலை தனியே பறக்கும். பிறகு கோட்டைப் பாருங்கள். ஒரு முடி அளவு விலகியிருந்தாலும் மூட்டைப் பெரிதாக்கி மீண்டும் வரையுங்கள்.