நாய் ஓயாமல் குரைப்பது ஏன்? கயிற்று மணியும் எங்கள் கருப்பனும்

"என் நாய் காரணமே இல்லாமல் நாள் முழுக்கக் குரைக்கிறது, அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே கேள்வியோடு நானும் ஒரு வருடம் அலைந்தவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரணம் இல்லாமல் நாய் குரைக்காது. அந்தக் காரணம் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது நின்றுவிடும், நாய்க்கோ 45,000 வரை கேட்கும். நாம் சும்மா இருக்கிறது என்று நினைக்கும் தெரு அதற்குச் சும்மா இருப்பதே இல்லை.

நாங்கள் இருப்பது ரங்கூன் நகரின் நடுவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. இங்கே பால்கனிக்குப் பால்கனி தெரு வரை ஒரு கயிறு தொங்கும். கீழ் முனையில் கிளிப், மேல் முனையில் சின்ன மணி. பேப்பர் போடுகிறவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். அவர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டு நடையைக் கட்டுவார், நாம் கயிற்றை மேலே இழுத்துக்கொள்வோம். மணி அடித்தால் போதும், கருப்பன் பால்கனிக்குப் பாய்வான். கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு உடம்பே குலுங்கக் குரைப்பான். அப்பா "சும்மா இருடா" என்று கத்துவார். அவர் கத்தக் கத்த இவன் சத்தம் ஏறும்.

அவன் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. மணி அடித்தது, அந்நியன் வந்தான், நான் குரைத்தேன், அவன் போய்விட்டான். அந்த ஆள் வேலை முடிந்து போகிறார் என்பது கருப்பனுக்கு எப்படித் தெரியும்? தினமும் பத்து தடவை அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். காலையில் "பெப்யோ" என்று கூவிக்கொண்டு அவித்த பட்டாணி விற்கும் அம்மாவையும், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாக்காரரையும் அப்படித்தான் விரட்டினான். நம் கத்தலோ அவன் காதில் "வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து குரைக்கிறார்" என்றுதான் விழுந்திருக்கும்.

அப்புறம் மணியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தேன். மெல்ல ஒரு தட்டு. அவன் வாய் திறப்பதற்குள் அவித்த கோழியில் நகத்தளவு ஒரு துண்டு. இப்படி ஒரு நாளைக்கு இருபது தடவை. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன், பிறகு மணியைப் பழைய இடத்திலேயே கட்டினேன். அந்த நாட்களில் பால்கனிக் கதவை மூடியே வைத்தோம், பழைய வெற்றி மறுபடி கிடைக்கக்கூடாது என்று. மூன்றாவது வாரக் கடைசியில் மணி அடித்ததும் அவன் பால்கனிக்கு ஓடாமல் என் காலடியில் வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்தான். அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

நடுவில் ஒரு சறுக்கல். குரைப்பை அடக்க அம்மா பிஸ்கட் போட ஆரம்பித்தார். "குரைத்தால் பிஸ்கட்" என்று அவன் ஒரே நாளில் படித்துக்கொண்டான். கவனத்துக்காகக் குரைக்கிற நாயைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும், அமைதியான அந்த நொடியில்தான் கொடுக்க வேண்டும். நிறுத்தியதும் முதல் சில நாள் குரைப்பு இன்னும் கூடும். அங்கே மனம் இளகி ஒரு தடவை கொடுத்துவிட்டால், அவ்வளவு நேரம் குரைத்தால்தான் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும்.

மணி விஷயம் தீர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கீழ் மாடி பர்மாக்கார அம்மாதான் ஒரு நாள் படிக்கட்டில் நிறுத்தி, "நீ போன பிறகு அது குரைப்பதில்லை, அழுகிறது" என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் ஃபோனில் பதிவை ஓடவிட்டு அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் போட்டுக் கேட்டேன். பூட்டு விழும் சத்தம். படியில் என் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறது. நாலு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய குரலில் ஒரே ஒரு குரைப்பு. இடைவெளி. மறுபடி ஒன்று. கதவைப் பிறாண்டும் சத்தம். நாற்பது நிமிடம் இப்படியே. என்னால் கடைசிவரை கேட்க முடியவில்லை. இதற்காகவா இவனைத் திட்டினேன் என்று நெஞ்சு கனத்துவிட்டது.

இரண்டு குரைப்பும் ஒன்றல்ல என்பது காதாலேயே தெரியும். ஹங்கேரியில் பீட்டர் பொங்ராட்ஸ் குழுவினர் முடி (Mudi) என்ற இன நாய்களின் குரைப்பைப் பதிந்து மனிதர்களுக்குப் போட்டுக்காட்டி, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நாய் வளர்த்தவர், வளர்க்காதவர் என்ற பேதமில்லாமல், எந்தச் சூழ்நிலையில் குரைத்தது என்பதைக் குருட்டாம்போக்கை விட நன்றாகவே சொன்னார்கள். தாழ்ந்த குரலில் அடுக்கடுக்காக வந்தால் விரட்டும் குரைப்பு. குரல் உயர்ந்து, இடைவெளி விட்டு வந்தால் பயமோ தனிமையோ.

தனிமைக்குக் கோழித்துண்டு மருந்தல்ல. சாவியை எடுப்பேன், போகமாட்டேன். கதவைச் சாத்தி அரை நிமிடத்தில் திரும்புவேன், பிறகு இரண்டு நிமிடம், பிறகு பத்து. போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் கிடையாது. காலையில் கிளம்புமுன் முகர்ந்து முகர்ந்து நடக்கவிட்டு ஒரு நீண்ட நடை. இதற்கு மாதக்கணக்கில் ஆயிற்று. அவன் பழகும்வரை முழு நாள் தனியே விடவில்லை, பெரியம்மா வீட்டில் விட்டுப் போனேன்.

இடி, தடிஞ்யூட் விளக்குத் திருவிழாப் பட்டாசு, மின்சாரம் போனதும் உறுமும் ஜெனரேட்டர் எல்லாம் பயக் கணக்கு. உள் அறை, திரை, மின்விசிறிச் சத்தம், பக்கத்தில் நீங்கள். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடாது, தாராளமாகத் தடவுங்கள்.

வயதான நாய் ராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைத்தால் காது மந்தமோ, மூளைத் தளர்ச்சியோ, எங்காவது வலியோ இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். குரல் திடீரென்று கம்மி, எச்சில் ஒழுகி, நடை தடுமாறினால் கிட்டப் போகாதீர்கள், அது வெறிநோயாக இருக்கலாம். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்கு ஓடுங்கள். "குரைக்கிற நாய் கடிக்காது" என்பதை நம்ப வேண்டாம், பயத்தில் குரைக்கிற நாய் கடிக்கும்.

தெரிந்த ஒருவர் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை வாங்கச் சொன்னார். நல்லவேளை, வாங்கவில்லை. தனிமையில் தவிக்கிற பிள்ளைக்கு வலியையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. மூன்று நாள், ஒவ்வொரு குரைப்புக்கும் முன்னால் என்ன நடந்தது, குரைத்ததும் அதற்கு என்ன கிடைத்தது என்று நேரத்தோடு குறித்து வையுங்கள். வெளியே போகும்போது ஃபோனைப் பதிவில் விட்டுப் போங்கள். குறித்ததைக் கீழே எழுதினால், எந்தக் குரைப்பு என்று சேர்ந்தே பார்க்கலாம்.