நாலு பெல்ட்டும் ஒரே இடுப்பில்

கேள்வி: 2024 மே மாதம் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் டைசன் ஃபியூரியை ஜெயித்த உக்ரைன் வீரர் யூசிக்கை 'அன்டிஸ்பியூட்டட் சாம்பியன்' என்றார்கள். அடுத்த மாதமே அந்தப் பெயர் போய்விட்டது. தோற்காமலே எப்படிப் போகும்? (வாசகர், குளச்சல்)

பதில்: குத்துச்சண்டையில் உலகப் பட்டம் தருவது ஒரே அமைப்பு அல்ல. டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் பட்டத்தின் அடையாளமாகத் தனி பெல்ட் வைத்திருக்கிறது. ஒரே பிரிவில் நான்கும் ஒரே சமயத்தில் ஒருவரிடம் இருந்தால்தான் அன்டிஸ்பியூட்டட். இரண்டோ மூன்றோ இருந்தால் 'யூனிஃபைட்'. பத்திரிகைகளே இதைக் குழப்புவதுண்டு. 1988-ல் வந்த டபிள்யூ.பி.ஓ.வை மற்ற மூன்றுக்கும் சமமாக மதிக்க வெகுகாலம் பிடித்தது. அதனால்தான் 1999-ல் லெனாக்ஸ் லூயிஸ் ஹெவிவெயிட்டில் அன்டிஸ்பியூட்டட் ஆக மூன்று பெல்ட்டே போதுமாக இருந்தது. ஆண்களில் நான்கையும் முதலில் சேர்த்தவர் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், 2004-ல், மிடில்வெயிட் எடைப் பிரிவில்.

சேர்ப்பதைவிடக் காப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு அமைப்பும் தன் தரவரிசையிலிருந்து ஒரு கட்டாயப் போட்டியாளரை நிறுத்தி, குறித்த காலத்துக்குள் அவரோடு மோதச் சொல்லும். நான்கு அமைப்புக்கு நான்கு பேர். முறைவைத்து வந்தாலும் ஒருவர் உடம்பு தாங்காது. போட்டி ஊதியத்திலும் ஒவ்வொரு அமைப்பும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். யூசிக்குக்கு ஃபியூரியோடு மறுபோட்டி ஒப்பந்தம் இருந்தது. ஐ.பி.எஃப். தன் கட்டாயப் போட்டியாளர் வரிசைப்படி போகச் சொன்னதால் அந்த பெல்ட்டை விட்டார். அது டேனியல் டுபுவாவுக்குப் போனது. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டுபுவாவை வீழ்த்தி அதை மீட்டார். வளையத்துக்குள் யாரும் அவரிடமிருந்து பறிக்காத பட்டம் காகிதத்தில் கைமாறியது, இந்த விளையாட்டை நேசிப்பவர்களுக்கு வருத்தம்தான்.

எடை பார்க்கும்போதும் பட்டம் போகும். போட்டிக்கு முந்தின நாள் வரம்பை மீறினால் சாம்பியனுக்கு அங்கேயே பெல்ட் இல்லை. எடை சரியாக இருக்கும் எதிராளி ஜெயித்தால் அவருக்கு, இல்லாவிட்டால் காலி. ஹெவிவெயிட்டுக்கு உச்சவரம்பு கிடையாது என்பதால் யூசிக்குக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, குத்துச்சண்டை பழகுகிறான். எடையைக் குறைக்க பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு சங்குத்துறை கடற்கரையில் ஓடுகிறான். சரியா? (வாசகி, தக்கலை)

பதில்: உடனே நிறுத்துங்கள். அதில் குறைவது தண்ணீர்தான், கொழுப்பு அல்ல. நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உலராது; ஜாக்கெட்டுக்குள் உடல் சூடு ஏறி மயக்கம், தசைப்பிடிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். தொழில்முறை வீரருக்கு எடை பார்த்தபின் தண்ணீரும் சாப்பாடும் எடுக்க ஏறக்குறைய ஒரு நாள் கிடைக்கிறது. அமெச்சூர் போட்டியில் மோதும் நாள் காலையிலேயே எடை பார்ப்பார்கள், தேற நேரமில்லை. நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது பேராபத்து. வளரும் பிள்ளை வழக்கமாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, காலையில் என்ன எடை நிற்கிறதோ அந்தப் பிரிவிலேயே மோதட்டும். அடுத்த பிரிவுக்கு ஏறினால் ஏறட்டும். அதைப் பயிற்சியாளரிடம் நீங்களே சொல்லுங்கள்.